கூத்தை வழியில் ஏற்றுவோம்: ஓர் ஆங்கிலத் தொடரும் மூன்று மொழிகளின் தெருக்களும்

பலெர்மோவில் பிறந்து வளரும் எமது பிள்ளைகள் வீட்டில் தமிழும், பாடசாலையில் இத்தாலிய மொழியும், பல்லாறோச் சந்தையில் சிசிலியப் பேச்சும் பேசுகின்றனர். இம்மூன்றுக்கும் மேலாக ஆங்கிலமும் எம் வீடுகளுக்குள் புகுந்துள்ளது. இத்தாலியக் குடியுரிமை பெற்ற எம்மவர் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கு இடம்மாறியமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும். ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டு உடையோர் தடையின்றி அங்கு குடியேறும் வாய்ப்பு 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதியுடன் முடிவடைந்துவிட்ட போதிலும், அதற்கு முன்னர் சென்றோருடனான உறவு தொடர்கின்றது. அண்ணன் இலண்டனில், தங்கை பலெர்மோவில், பெற்றோர் யாழ்ப்பாணத்தில் என்று பிரிந்துள்ள குடும்பங்களின் தொலைபேசி உரையாடல்களில் எல்லா மொழிகளும் கலந்தே ஒலிக்கின்றன.

அவ்வாறு ஒலிக்கும் ஆங்கிலத் தொடர்களுள் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். ‘லெற்ஸ் கெற் திஸ் ஷோ ஒன் த றோட்’ என்பது அத்தொடர். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘இந்தக் காட்சியைத் தெருவில் ஏற்றுவோம்’ என்று வரும். தமிழ்க் காதுக்கு இது சண்டைக்கு அழைப்பது போலவே தோன்றும். உண்மையில் அதன் பொருள் ‘சரி, வேலையைத் தொடங்குவோம்’ என்பதேயாகும். ஊர் ஊராகச் சென்று ஆடிப் பிழைத்த கலைஞர்களின் வாயிலே பிறந்த இத்தொடரில், வழியையே வாழ்வாகக் கொண்டுவிட்ட எமக்குச் சொற்பொருளுக்கு மேலும் கற்றுக்கொள்ளச் சில உண்டு.

பொருளும் வழக்கும்

இத்தொடருக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் அவற்றின் பொருள் வேறு.

முதலாவது, ‘கெற் த ஷோ ஒன் த றோட்’. ஆயத்தங்கள் முடிந்துவிட்டன, இனியும் தாமதியாது செயலில் இறங்குவோம் என்பது இதன் கருத்து. உணவகமொன்றின் கதவு திறக்கும் வேளையில் தலைமைச் சமையற்காரர் தம் உதவியாளரைப் பார்த்து இதனைச் சொல்லலாம். வந்தோர் அனைவரும் அமர்ந்த பின்னர் கூட்டத் தலைவர் சொல்லலாம். பொதிகளைக் காரில் ஏற்றிவிட்டு, பிள்ளைகள் இன்னும் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கையில் தகப்பன் சொல்லலாம். ‘தொடங்குவோம்’ என்ற வெறும் சொல்லில் இல்லாத சிறு அவசரமும் உற்சாகமும் இத்தொடரில் உண்டு. ‘ஆயத்தம் போதும், வெளிக்கிடுவோம்’ என்று எம் ஊரில் சொல்வதே இதற்கு மிக நெருங்கிய தமிழ் எனலாம்.

இரண்டாவது, ‘ரேக் த ஷோ ஒன் த றோட்’. ஓரிடத்தில் செய்து பார்த்துத் தேறிய ஒன்றை வேறு இடங்களுக்கும் கொண்டு செல்லுதல் என்பது இதன் பொருள். தமது பாடசாலையில் நன்கு வெற்றியளித்த பாடமுறையொன்றை ஏனைய பாடசாலைகளுக்கும் எடுத்துச் செல்லும் ஆசிரியரையும், புதிய பொருளொன்றை நகரந்தோறும் அறிமுகம் செய்யும் நிறுவனத்தையும் பற்றி இவ்வாறு கூறுவர். நகைச்சுவையாகப் பேசி வீட்டாரைச் சிரிக்கவைத்தவரிடம், ‘நீ இதனை ஊர் ஊராகக் கொண்டு போகலாமே’ என்று பாதி கேலியும் பாதி பாராட்டுமாகச் சொல்வதும் உண்டு.

இத்தொடரைப் பயன்படுத்துவோர் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும். இது பேச்சு வழக்கு. வேலைக்கான விண்ணப்பத்திலோ, அரச அலுவலகத்துக்கான கடிதத்திலோ எழுதத் தக்கதன்று. துக்க வீட்டிலும் மருத்துவமனைக் கட்டிலின் அருகிலும் இது பொருந்தாது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் மேலதிகாரியைப் பார்த்துக் கூறினால் அவரை விரட்டுவது போலாகும். அன்றியும், ‘ஹிற் த றோட்’ என்ற தொடருடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அதற்குப் ‘புறப்படு’ என்பது பொருள். கோபத்துடன் சொன்னால் ‘இங்கிருந்து போய்விடு’ என்றாகிவிடும். ‘வண் நைற் ஸ்ராண்ட்’ என்ற சொல்லும் ஊர் ஊராகச் செல்லும் குழுக்கள் ஓர் ஊரில் ஓர் இரவு மட்டும் ஆடும் ஆட்டத்தைக் குறிக்கவே முதலில் எழுந்தது. இன்று அது பெரியோர் முன்னிலையில் சொல்லத் தகாத பொருளையே பெரிதும் தருவதால், பிள்ளைகள் அறியாமல் அதனைக் கையாளாதிருக்கச் சொல்லிவைப்பது நன்று.

பெட்டியும் பத்திரமும்

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகைவண்டிப் பாதைகள் விரிந்தபோது, நாடகக் குழுக்களும் சேர்க்கஸ் கூட்டங்களும் புகைவண்டியேறி நகரம் நகரமாகச் செல்லலாயின. பார்ணம் என்பாரின் புகழ்பெற்ற சேர்க்கஸ் 1872ஆம் ஆண்டிலே இவ்வாறு இருப்புப் பாதைக்கு மாறியது. குழு வருமுன்னரே ஒருவர் சென்று சுவர்களில் விளம்பரங்களை ஒட்டிவிடுவார். இரவு ஆட்டம் முடிந்ததும் கூடாரம் இறக்கப்பட்டு, பெட்டிகள் கட்டப்பட்டு, விடிவதற்குள் யாவும் அடுத்த ஊரை நோக்கி நகர்ந்துவிடும். ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாள் வருமானம் போய்விடும். ஆகவே ஆட்டத்தை வழியில் ஏற்றுதல் அம்மக்களுக்கு அன்றாட வேலையாகவும் வயிற்றுப்பாடாகவும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அத்தொடர் பொதுமக்கள் பேச்சிலும் கலந்து, கூடாரம் மறைந்த பின்னரும் நிலைத்துவிட்டது.

ஆயினும் ஊர் ஊராகச் செல்லும் கலைஞர் வாழ்வு அமெரிக்காவிலே தொடங்கியதொன்றன்று. இத்தாலியின் வடபகுதியிலுள்ள பாதுவா நகரில் 1545ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி எட்டு நடிகர்கள் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் உடன்படிக்கை எழுதிக் குழுவாகச் சேர்ந்தனர். ஐரோப்பாவில் தொழில்முறை நாடகக் குழுவொன்றின் மிகப் பழைய உடன்படிக்கைகளுள் இதுவும் ஒன்றாகும். பொருள்களைச் சுமப்பதற்குப் பொதுவில் ஒரு குதிரை வாங்க வேண்டும். வரும் பணத்தை மூன்று திறப்புகள் கொண்ட பெட்டியில் இட்டு, திறப்புகளை மூவர் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் பொதுப்பணத்தில் அவரைப் பராமரிக்க வேண்டும். இடையில் விட்டோடுபவர் தண்டம் கட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தது. அந்நிய ஊரில் துணையற்று நிற்போர் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்குவது என்பதே அவ்வுடன்படிக்கையின் உட்பொருள். சீட்டுப் பிடித்தும் மரணச் செலவுக்குப் பணம் சேர்த்தும் வாழும் எமக்கு இது புதிதன்று.

இங்கிலாந்தில் நிலைமை கடுமையாயிருந்தது. முதலாம் எலிசபெத் இராணியின் காலத்தில், 1572ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பிரபுக்களின் ஆதரவோ உரிய அனுமதியோ இல்லாது ஊர்சுற்றும் நடிகர்களை நாடோடிகள், போக்கிரிகள் என்போருடன் சேர்த்து வைத்தது. பிடிபட்டோருக்குச் சாட்டையடியும், காதில் சூடிடுதலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. எனவே நடிகர்கள் பெரிய மனிதரொருவரின் பெயரைத் தாங்கி, அவர் ஆட்கள் என்ற பத்திரத்துடனேயே வழியில் இறங்கினர். சேக்சுபியர் சேர்ந்திருந்த குழுவும் 1594 முதல் அரண்மனை அதிகாரியான சேம்பர்லெயின் பிரபுவின் பெயரால் இயங்கியது. 1603ஆம் ஆண்டிலே முதலாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனம் கிடைத்தபோதுதான் அக்குழு நாட்டின் எந்நகரிலும் ஆடும் உரிமையைப் பெற்றது. உலகம் போற்றும் நாடகங்களை எழுதியவரும் கையிற் பத்திரமில்லாவிடின் நாடோடியே. ‘பெர்மெசோ டி சொஜோர்னோ’ புதுப்பிப்பதற்காக வரிசையில் நின்ற எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

மூன்று மொழிகள், மூன்று தெருக்கள்

ஆங்கிலேயர் ஆட்டத்தை வழியில் ஏற்றுவது தொடக்கத்தைக் குறிக்கும். இத்தாலியரிடமும் ஊர்சுற்றும் கலைஞர் தந்த தொடரொன்று உண்டு. ‘பியாந்தாரே பராக்கா எ புராத்தீனி’ என்பர். ‘பராக்கா’ என்பது பாவைக்கூத்தாடியின் கொட்டில். ‘புராத்தீனி’ என்பவை அவன் கைப்பாவைகள். கொட்டிலையும் பாவைகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுதல் என்பது சொற்பொருள். எல்லாவற்றையும் கைவிட்டு எழுந்து நடத்தலை இது குறிக்கும். வேலையை வெறுத்து நடுவில் விட்டவரையும், குடும்பத்தை உதறிச் சென்றவரையும் பற்றி இன்றும் பலெர்மோவில் இவ்வாறு பேசக் கேட்கலாம்.

தமிழிலோ தெரு என்றாலே தாழ்வு. ‘தெருவுக்கு வந்துவிட்டான்’ என்றால் சொத்திழந்தான் என்பது பொருள். ‘நடுத்தெருவில் விட்டான்’ என்றால் கைவிட்டான். ‘கூத்தடிக்கிறான்’ என்றால் ஒழுங்கின்றித் திரிகிறான். வீட்டுப் பிரச்சினை ஊரறிந்துவிட்டால் ‘தெருக்கூத்தாய்ப் போயிற்று’ என்கிறோம். ஆடிப் பிழைப்போரைத் தாழ்த்திய சமூகத்தின் பார்வை எமது பேச்சில் இவ்வாறு படிந்துள்ளது. கூத்தாடிய சாதியாரை இழிவாக நோக்கிய காலத்தை நாம் மறந்துவிடவும் கூடாது.

ஆயின், இதனினும் பழையதொரு தமிழ் உண்டு. ‘ஆறு’ என்றால் வழி. ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றால் வழிப்படுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளே. வள்ளலொருவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் வறுமையுடன் எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு ‘இவ்வழியாகச் செல், இன்னாரைக் காண்’ என்று கூறுவதே அவற்றின் அமைப்பு. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும் மலைபடுகடாம், தம் இசைக் கருவிகளைப் பைகளிலிட்டுச் சுமந்து செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னனின் ஊருக்குப் போகும் பாதையை 583 அடிகளில் எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, புனங்காப்போர் எறியும் கவண்கல் எங்கே வரும், பாம்பு உறையும் இடமெது, கால் வழுக்கும் இடமெது, எந்தக் குடியிருப்பில் எவ்வுணவு கிடைக்கும் என்றெல்லாம் அது சொல்லிச் செல்கின்றது.

இதனைப் படிக்கும் அகதிக்கு வேறொன்றும் நினைவில் எழும். எந்த எல்லையில் இறங்குவது, எந்த அலுவலகத்தில் முதலிற் பதிவது, எந்தத் தேவாலயத்தில் மதிய உணவு கிடைக்கும், எந்த வீட்டில் ஓரிரவு படுக்கலாம் என்று முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குச் சொன்னாரன்றோ? அதுவும் ஆற்றுப்படையே. பலெர்மோவில் எமது குடியிருப்பு 1980களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்தது இத்தகைய வாய்மொழி வழிகாட்டலால்தான். தமிழரின் பழைய வழி மானக்கேடான வழியன்று. ஒருவர் பெற்றதை மற்றவருக்குத் தெரிவிக்கும் வழியாகவே அது இருந்தது.

பாவைகளைக் கைவிடாத குடும்பம்

கொட்டிலையும் பாவைகளையும் கைவிடுதல் என்ற இத்தாலியத் தொடர் சிசிலியிலே ஒரு காலத்தில் சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. கவசமணிந்த வீரர் பாவைகளை இரும்புக் கம்பிகளால் இயக்கி, சார்ள்மேன் மன்னனின் கதைகளை ஆடும் ‘ஒப்பெரா டெய் பூப்பி’ பலெர்மோவின் ஏழை மக்கள் வாழ்ந்த தெருக்களில் செழித்திருந்தது. எம் ஊரில் பாரதம் படிப்பது போல, ஒர்லாந்தோ, ரினால்தோ என்னும் வீரர்களின் கதை இரவுதோறும் மாதக்கணக்கில் தொடரும். 1954ஆம் ஆண்டில் இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. வேலை தேடி மக்கள் வடக்கே சென்றனர். பழைய நகரில் வாழ்ந்தோர் புறநகருக்குப் பெயர்ந்தனர். பார்வையாளரை இழந்த பாவைக்கூத்தர் பலர் தம் பாவைகளைப் பழம்பொருள் வியாபாரிகளுக்கு விற்றனர்.

அந்நாளில் ஜாக்கொமோ குத்திக்கியோ என்ற கலைஞர் தம் பாவைகளுடன் சிற்றூர் சிற்றூராகச் சென்றார். குடும்பமே குழுவாயிற்று. அவருடைய மகன் மிம்மோ குத்திக்கியோ 1948ஆம் ஆண்டில் பிறந்த இடம் பலெர்மோ அன்று. பெற்றோர் ஆடிக்கொண்டு சென்ற வழியிலுள்ள ஜேலா நகரம். இத்தகையோரை இத்தாலியர் ‘ஃபீல்யோ தார்த்தே’, அதாவது கலையின் பிள்ளை என்பர். மிம்மோ 1973ஆம் ஆண்டில் பலெர்மோவின் மாஸ்ஸிமோ அரங்குக்கு அண்மையிலுள்ள பாரா அல்லொலிவெல்லாத் தெருவில் சிறிய அரங்கொன்றைத் திறந்தார். பெல்லெகிரீனோ மலையேறி நாமும் வணங்கும் புனித ரொசாலியாவின் பெயரை அதற்கு இட்டார். 1977ஆம் ஆண்டில் தம் குழுவுக்கு ‘கலையின் பிள்ளைகள் குத்திக்கியோ’ என்று பெயர் சூட்டினார். மாதக்கணக்கில் நீண்ட கதையை ஒரு மாலைப்பொழுதில் முடியும் ஆட்டங்களாக்கினார். பிற நாட்டு மேடைகளுக்கும் பாவைகள் சென்றன. 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வமாக அறிவித்தது. மிம்மோவின் மகனும் இன்று இக்கலையில் ஈடுபட்டுள்ளார்.

இதிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பூட்டிய அறையிலே பாவைகளைப் பாதுகாத்ததால் மட்டும் இக்கலை பிழைத்துவிடவில்லை. அறிஞரும் மருத்துவருமான அந்தோனியோ பஸ்குவாலினோ 1975ஆம் ஆண்டில் பலெர்மோவில் நிறுவிய பாவை அருங்காட்சியகம் அரிய தொண்டு செய்தது, இன்றும் செய்கின்றது. எனினும், பார்வையாளர் வராதபோது பார்வையாளர் இருக்கும் இடத்துக்குப் பாவைகளைச் சுமந்து சென்ற குடும்பமும் இருந்தமையாலேயே பாவைகள் இன்றும் வாள் சுழற்றுகின்றன.

எமது கூத்து சென்ற வழி

எம்மிடமும் இவ்வழக்கம் இருந்தது. மட்டக்களப்பில் கூத்து அரங்கேறிய பின்னர் ‘வீட்டுக்கு வீடு ஆடுதல்’ என்றொரு முறை உண்டு. களரியிலே ஆடியது போதாதென்று, கூத்தர் இல்லந்தோறும் சென்று ஆடுவர். யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924-1989) தம் வசந்த கான சபாவுடன் கோயில் திருவிழாக்கள் தோறும் சென்று, மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை ஆடினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1990இல், போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். அவரது பாட்டைக் கேட்டு வளர்ந்தோர் இன்று உலகின் எத்தனையோ நகரங்களில் சிதறி வாழ்கின்றனர்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் செய்ததும் ஆட்டத்தை வழியில் ஏற்றியதே. விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தை அவர் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பன தோன்றின. இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் அக்கலையைப் பற்றிய ஆய்விலும் முன்னோடியானார். சுருக்கியதால் கூத்துக் கெட்டது என்றோரும் இருந்தனர். ஆனால் கூத்தையே காணாத நகரத்துத் தமிழரும் பிறமொழியாளரும் அதனைக் கண்டது அந்தச் சுருக்கத்தினால்தான்.

புலம்பெயர்ந்த மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. க. பாலேந்திரா முதலியோர் 1978ஆம் ஆண்டில் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், பின்னர் இலண்டனைத் தளமாகக் கொண்டு, ஐரோப்பிய நகரங்களுக்குத் தமிழ் நாடகங்களைக் கொண்டு சென்றது. பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோரைப் பற்றிக் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘எந்தையும் தாயும்’ அவர்கள் மேடையேற்றியவற்றுள் ஒன்று. அந்நாடகத்தின் மாந்தர் எவர் என்பதை அரங்கில் அமர்ந்திருந்தோர் தம் நெஞ்சறிய அறிந்திருப்பர்.

இனிச் செய்யக்கூடியவை

நாம் ஊரைவிட்டு வந்தபோது கொட்டிலையும் பாவைகளையும் கைவிட்டே வந்தோம். அது எமது விருப்பால் நிகழ்ந்ததன்று. ஆனால் இன்று பலெர்மோவிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பெயரும் குடும்பம், இரண்டாம் முறையும் அவ்வாறு கைவிட வேண்டிய கட்டாயமில்லை. தளபாடங்களை ஏற்றும்போது, பிள்ளை கற்ற பாட்டையும் கதையையும் தமிழையும் ஏற்றுவதற்குத் தனிப் பெட்டி வேண்டியதில்லை. அவை மனத்தில் இருந்தாற் போதும்.

எமது கலைவிழாக்களை எண்ணிப் பாருங்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, வாடகை மண்டபத்தில் ஒரே மாலையில் ஆடி முடித்து, உடைகளை மடித்து வைத்துவிடுகிறோம். பார்ப்போர் அனைவரும் ஆடுவோரின் பெற்றோர். அதே பிள்ளைகள் அதே ஆட்டத்தைத் தம் பாடசாலையிலும், அயலிலுள்ள முதியோர் இல்லத்திலும், கத்தானியாவில் வாழும் எம்மவர் முன்னும் ஆடினால் என்ன? ஆட்டத்துக்கு முன் ஒரு பிள்ளை எழுந்து நான்கு வாக்கியங்களில் கதையை இத்தாலிய மொழியிற் சொன்னால், பல ஆண்டுகளாக அடுத்த வீட்டில் வாழும் சிசிலியரும் எம்மை வேலைக்காரராக அன்றிக் கலைஞராகவும் காண்பர். தம் தாத்தா பாவைகளைச் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எமது கூத்து விளங்காமற் போகாது.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பாதுவா நடிகரிடம் இருந்தவை ஒரு குதிரையும், மூன்று திறப்புள்ள பெட்டியும், நோயுற்றவரைக் கைவிடமாட்டோம் என்ற உறுதியும் மாத்திரமே. சங்கங்கள் பிரிந்து நிற்பதையும், கணக்கில் ஐயம் எழுந்து குழுக்கள் உடைவதையும் கண்டிருக்கும் எமக்கு அந்த மூன்று திறப்பு முறை இன்றும் பின்பற்றத் தக்கதே.

அடுத்த விழாவுக்கான ஒத்திகைகள் விரைவில் தொடங்கும். ‘கெற் த ஷோ ஒன் த றோட்’ என்பதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆற்றுப்படை என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். அத்துடன் இம்முறை மண்டபம் எடுக்கும்போது, ஆட்டம் இரண்டாவதாகச் செல்லும் இடம் எது என்பதையும் பெற்றோர் கூடித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.